ஷெஃபீல்டின் தெருமரங்களும் ஒரு 25 ஆண்டு ஒப்பந்தமும்

பிரிட்டன் சாலையோரங்களில் பதிக்கும் கான்கிரீட் கர்ப் கல் வழக்கமாக 915 மில்லிமீட்டர் நீளம், 255 உயரம், 125 பருமன். கான்கிரீட் படுக்கையில் உட்காரவைத்து, பின்னால் முட்டுக் கொடுத்து, நூல் பிடித்த மாதிரி வரிசையாக வைப்பார்கள். அந்த வரிசையில் ஒரு மரத்தின் தூர் பெருத்துவந்து முட்டினால், கல்லை நகர்த்தலாம், மரத்தையும் எடுக்கலாம். வட இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 2012 முதல் 2018 வரை பல தெருக்களில் மரம்தான் போனது. மொத்தம் 5,500-க்கும் மேல். அவற்றில் நோயுற்றவையும் இருந்தன, நன்றாகத் தழைத்து நின்றவையும் இருந்தன.

தெருமரத்துக்காகக் குடியிருப்பவர்களும் உள்ளாட்சியும் மோதிக்கொள்வது எங்கும் நடப்பதுதான். ஷெஃபீல்டு தனியாகத் தெரிவதற்குக் காரணம், அங்கே நடந்தது முழுக்க ஆவணமாகிக் கிடக்கிறது. ஒப்பந்தம் வெளியே வந்தது. நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன. 2023-இல் சுயேச்சை விசாரணை அறிக்கையும் வந்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெளிவாகும்: தெருவில் ரம்பம் வந்து நின்ற நாளில் மக்கள் எதைக் கேட்டாலும் காலம் கடந்த கேள்வியாகவே இருந்தது. முடிவு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, சாலைக்கான நிதிக் கணக்கில் ஓர் எண்ணாக எழுதப்பட்டுவிட்டது.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஷெஃபீல்டின் சாலைகள் உண்மையிலேயே மோசம். குழிகளின் நகரம் என்று கேலிப்பெயரே உண்டு. நடைபாதைகள் மேடுபள்ளமாகிச் சக்கர நாற்காலியில் போகிறவர்கள் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. மாநகராட்சியிடம் அத்தனையையும் சரிசெய்யப் பணமில்லை. அதனால் மத்திய அரசின் பி.எஃப்.ஐ. திட்டத்துக்குப் போனது. அந்த ஏற்பாட்டில் தனியார் நிறுவனம் கடன் வாங்கி முதலில் வேலையை முடிக்கும்; அரசும் மாநகராட்சியும் சேர்ந்து 25 ஆண்டுக்குத் தவணையாகக் கட்டும். ‘ஸ்ட்ரீட்ஸ் அஹெட்’ என்ற பெயரில், 220 கோடி பவுண்டு மதிப்பில், ஏமி நிறுவனத்துடன் 2012-இல் கையெழுத்தானது. சாலை, நடைபாதை, தெருவிளக்கு, வடிகால் எல்லாம் அதில் அடக்கம். சுமார் 36,000 தெருமரங்களும் அதே மூட்டையில் சேர்த்துக் கட்டப்பட்டன.

சேர்த்துக் கட்டியதில்தான் சிக்கல். இந்த வகை ஒப்பந்தத்தில் ஒப்பந்ததாரருக்குக் கிடைக்கும் தொகை நிலையானது, பராமரிப்புச் செலவு அவர் தலையில். நூறு வயது லைம் மரம் ஒன்று (நம் எலுமிச்சை அல்ல, இதய வடிவ இலையோடு ஓங்கி வளரும் ஐரோப்பிய நிழல்மரம்) வருடாவருடம் கிளை கழிக்கக் கேட்கும், நடைபாதையைத் தூக்கும், சில ஆண்டுக்கு ஒருமுறை தாரை உரித்துத் திரும்பப் போடச் சொல்லும். அதை எடுத்துவிட்டு ஒரு கன்று நட்டால், ஒப்பந்தம் 2037-இல் முடியும்வரை அந்த இடம் தொல்லை தராது. கன்று பெருத்துக் கல்லை முட்டும் காலத்தில் கணக்கு வேறொருவருடையது. யாரும் லஞ்சம் வாங்க வேண்டியதில்லை, யாருக்கும் மரத்தின் மேல் வெறுப்பு இருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் தன் போக்கில் போனாலே மரம் விழும்.

இதோடு கால நெருக்கடியும் சேர்ந்தது. நகரைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்து, முதல் ஐந்து ஆண்டுக்குள் சாலைகளைப் புதுப்பித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு தெருவுக்குள் தார் சுரண்டும் இயந்திரமும் கர்ப் பதிக்கும் குழுவும் நுழைந்தால் ஒரே மூச்சில் முடித்து வெளியேற வேண்டும். நடுவே ஒரு மரத்துக்காகக் கல் வரிசையை ஒரு சாண் வளைப்பது என்றால் தனி வரைபடம், தனிப் பாதுகாப்புச் சோதனை, மழைநீர் ஓட்டத்தைத் திரும்பக் கணக்கிடுவது என்று வேலை நீளும். ஒரு மரத்துக்கு இது சின்ன விஷயம். ஆயிரம் மரத்துக்கு அட்டவணை கவிழும்.

எந்த மரத்தை வெட்டலாம் என்பதற்கு மாநகராட்சி ஆறு அளவுகோல் வைத்திருந்தது. ஆங்கிலத்தில் ஆறும் ‘டி’ எழுத்தில் தொடங்குவதால் ‘ஆறு டி’ என்றே பேர்: ஆபத்தானது, பட்டது, பட்டுக்கொண்டிருப்பது, நோயுற்றது, சேதம் செய்வது, பாகுபாடு செய்வது. கடைசிச் சொல் விசித்திரமாக இருக்கும். முதியவர்கள், பார்வை குறைந்தவர்கள், சக்கர நாற்காலிக்காரர்கள் போகவர இடைஞ்சலாக நிற்கும் மரம் என்று பொருள். முதல் நான்கும் மரத்தின் உடல்நிலை பற்றியவை. ஒரு மர வல்லுநர் பார்த்துச் சொல்லக்கூடியவை. கடைசி இரண்டும் நடைபாதையின் உடல்நிலை பற்றியவை. மாரடைப்பையும் வாடகை பாக்கியையும் ஒரே மருத்துவச் சான்றிதழில் எழுதியது போன்ற பட்டியல். சண்டைக்குள்ளான மரங்களில் பெரும்பாலானவை ‘சேதம் செய்வது’ என்ற ஐந்தாவது டி-யின் கீழ் வந்தவை.

மரங்கள் கிழடாகிவிட்டன என்றும் மாநகராட்சி திரும்பத் திரும்பச் சொன்னது. 2006-07-இல் ஓர் ஆலோசனை நிறுவனம் நகரத் தெருமரங்களைக் கணக்கெடுத்தபோது, நான்கில் மூன்று பங்கு முதிர்ந்தவை அல்லது அதற்கும் மேற்பட்ட நிலையில் உள்ளவை என்று எழுதியிருந்தது. ஆனால் மரவியலில் ‘முதிர்ந்த’ என்றால் சாகக் கிடப்பது என்று அர்த்தமில்லை. முழு உயரத்துக்கு வளர்ந்து முடித்தது, அவ்வளவுதான். லைம் மரத்துக்கு இருநூறு ஆண்டைத் தாண்டிய ஆயுள் சாதாரணம். அதே கணக்கெடுப்பு, சுமார் 10,000 மரங்களுக்கு ஏதாவது ஒரு வேலை தேவை என்றும், வெட்ட வேண்டியவை ஏறத்தாழ 1,000 என்றும் சொல்லியிருந்தது. 1,000 என்ற இந்த எண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேர் ஏன் நடைபாதையைத் தூக்குகிறது? மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல் 60 சென்டிமீட்டர் மண்ணுக்குள்ளேயே ஓடுகிறது. காற்றும் ஈரமும் அங்கேதான். தார் நடைபாதையின் அடியில் இறுகிய மண்ணுக்கும் தார்ப்படலத்துக்கும் இடையே ஒரு மெல்லிய இடைவெளி இருக்கும். இரவில் குளிரும் தாரின் அடியில் ஈரம் முத்துமுத்தாகக் கோத்து நிற்கும். வேருக்கு இதைவிட வசதியான வழி கிடையாது. பென்சில் பருமனில் நுழையும் வேர் இருபது ஆண்டில் மணிக்கட்டுப் பருமனாகும்போது தார் உப்பிப் பிளக்கும். பிரிட்டனில் பல உள்ளாட்சிகள் நடைபாதையில் 20 மில்லிமீட்டர் மேடு-பள்ள வித்தியாசம் வந்தாலே தடுக்கி விழும் அபாயம் என்று குறித்துக்கொள்வார்கள். விழுந்தவர் வழக்குப் போட்டால், முறையாகப் பார்வையிட்டுச் சரிசெய்து வந்தோம் என்று 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 58-ஆம் பிரிவின்கீழ் நிரூபித்துத்தான் தப்பிக்க முடியும். எனவே பொறியாளரின் பயம் பொய்யல்ல.

தார் போடும் குழுவிடம் விட்டுவிட்டால் அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம், வேரைக் கல்லின் விளிம்போடு வெட்டிவிடுவது. இதில்தான் நல்ல மரமும் கெட்டுப்போகிறது. தூரை ஒட்டியிருக்கும் தடித்த வேர்கள் மரத்தைத் தாங்கும் நங்கூரம். ஒரு பக்கத்து நங்கூரத்தை அறுத்தால் அடுத்த புயலில் மரம் எதிர்ப்பக்கம் சாயலாம். வெட்டுக்காயத்தில் பூஞ்சை ஏறி உள்ளே இற்றுப்போக ஐந்து, பத்து ஆண்டுகூட ஆகும், வெளியே தெரியாது. பிரிட்டிஷ் நடைமுறையில் 25 மில்லிமீட்டருக்கு மேல் பருமனான வேரை மர வல்லுநரிடம் கேட்காமல் வெட்டக்கூடாது. குழாய், கேபிள் போடுகிறவர்களுக்கும் விதி உண்டு: தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் அடிமரச் சுற்றளவை அளந்து, அதன் நான்கு மடங்கு தூரம்வரை இயந்திரம் கொண்டு தோண்டாமல் கையால் தோண்ட வேண்டும்.

மரத்தையும் பாதையையும் ஒருசேரக் காப்பாற்ற வழிகள் இல்லாமல் இல்லை. முதல் வேலை, அழுத்தக் காற்றால் மண்ணை ஊதி விலக்கும் கருவியைக் கொண்டு வேர் எங்கே எவ்வளவு தடிமனில் ஓடுகிறது என்று திறந்து பார்ப்பது. பார்க்காமல் தார் மேட்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவது, வயிற்றைத் தொடாமல் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பது. திறந்து பார்த்தால் பல இடங்களில் தூக்கியது ஒற்றை வேராகத்தான் இருக்கும். அதன் மேற்புறத்தைச் சீவிவிட்டாலே போதும். தூர் கல்லை முட்டினால் அந்த இடத்தில் மட்டும் மெல்லிய கல் வைக்கலாம், அல்லது கல்லே இல்லாமல் விட்டுத் தாரால் முடிக்கலாம், அல்லது கல் வரிசையைச் சாலைப்பக்கம் வளைத்து மரத்தைச் சுற்றிக் கொண்டுபோகலாம். மேடான பாதையை இருபுறமும் மெல்லச் சரியும்படி தார் ஏற்றிச் சமன் செய்யலாம். பழைய டயர் ரப்பர்த் துகளும் சரளையும் கலந்த நெகிழ்வுப் பாதை இன்னொரு வழி. வேர் பெருக்கும்போது அது விரிசல் விடாமல் வளைந்துகொடுக்கும், மழைநீரையும் உள்ளே விடும்.

மரத்தைத் தாண்டி எத்தனை இடம் மீதி என்பதும் அளந்து பார்க்கக்கூடியது. பிரிட்டிஷ் வழிகாட்டலில் நடைபாதைக்கு 2 மீட்டர் இருந்தால் நல்லது, 1.5 மீட்டர் தேவை, தடை இருக்கும் இடத்தில் குறுகிய தூரத்துக்கு 1 மீட்டர் போதும். ‘பாகுபாடு செய்யும் மரம்’ என்று அறிவித்த இடத்தில் டேப் வைத்து அளந்தால் விவாதம் பாதி முடிந்துவிடும்.

ஷெஃபீல்டு மாநகராட்சியே இப்படி 25 பொறியியல் தீர்வுகளைப் பட்டியலிட்டு வைத்திருந்தது. அவற்றில் 14 கூடுதல் செலவின்றி ஒப்பந்தத்துக்குள்ளேயே அடங்கியவை என்றும் சொன்னது. காகிதத்தில் அவ்வளவும் இருந்தது. தெருவில் அவற்றைப் பயன்படுத்தியது அரிது.

எதிர்ப்பு 2014-15 வாக்கில் எண்ட்கிளிஃப் பூங்காவை ஒட்டிய ரஸ்ட்லிங்ஸ் சாலையிலிருந்து வலுத்தது. பிறகு பேட்டைக்கொரு குழு முளைத்து, ‘ஸ்டேக்’ என்ற கூட்டமைப்பாகச் சேர்ந்தது. எல்லா வீட்டாரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று நினைக்கக்கூடாது. லைம் மரத்தில் அசுவினி ஏறினால் கோடை முழுக்கத் தேன்போல் பிசின் சொட்டி, கீழே நிற்கும் கார் கறுத்துப் போகும். இலையுதிர் காலத்தில் வீட்டுக் கூரையின் மழைநீர்ப் பீலி அடைத்துக்கொள்ளும். போனால் போகட்டும் என்று சொன்னவர்களும் அதே தெருவில் இருந்தார்கள்.

2015 கடைசியில் மாநகராட்சி சுயேச்சை மரக்குழு ஒன்றை அமைத்தது. முறை இப்படி: தெருவில் உள்ள வீடுகளுக்குக் கடிதம் போகும், பதில் தந்தவர்களில் பாதியோ அதற்கு மேலோ எதிர்த்தால் மரக்குழு வந்து பார்த்து ஆலோசனை எழுதும். ஆலோசனை மட்டும்தான், முடிவு மாநகராட்சியுடையது. மரத்தைக் காப்பாற்றலாம் என்று குழு எழுதியவற்றில் பெரும்பாலானதை மாநகராட்சி தள்ளிவிட்டது. கேட்பது சடங்காகிப் போனதன் உச்சம் 2016 நவம்பர் 17. விடியும் முன்பே, ஐந்து மணிக்கெல்லாம், ரஸ்ட்லிங்ஸ் சாலைக்குப் போலீஸ் வந்து கார்களை எடுக்கச் சொல்லி வீட்டுக்காரர்களை எழுப்பியது. எட்டு மரங்கள் வெட்டப்பட்டன. எழுபது வயதைக் கடந்த இரண்டு பெண்கள் கைதானார்கள். அந்தத் தெரு பற்றிய மரக்குழுவின் ஆலோசனை பொதுமக்கள் பார்வைக்கு வந்ததும் அதே விடியற்காலையில்தான். இது புட்டினின் ரஷ்யாவில் நடக்கும் காரியம் என்று அந்தத் தொகுதியின் எம்.பி.யும் முன்னாள் துணைப் பிரதமருமான நிக் கிளெக் கண்டித்தார்.

கைதுக்குக் கையிலெடுத்த சட்டம் 1992-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 241-ஆம் பிரிவு: சட்டப்படி வேலை செய்பவரைத் தடுப்பது குற்றம். வேலைநிறுத்த மறியலுக்காக எழுதிய விதி மரத்தடியில் நிற்கும் பாட்டிமார்மேல் பாய்ந்தது. வழக்குகள் பின்னர் கைவிடப்பட்டன.

நீதிமன்றமும் மக்களுக்குக் கைகொடுக்கவில்லை. 2016-இல் உயர் நீதிமன்றம், தெருமரத்தை வெட்டுமுன் மக்களைக் கேட்டாக வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்தது. சாலையைப் பராமரிப்பது கடமை. மரம் அந்தக் கடமைக்கு உட்பட்டது. இங்கிலாந்தில் மரப் பாதுகாப்பு ஆணை என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். அதைப் பிறப்பிப்பது உள்ளாட்சிதான். தன் மரத்துக்குத் தானே பூட்டுப் போட்டுக்கொள்ளும் உள்ளாட்சி அபூர்வம்.

2017 ஆகஸ்டில் மாநகராட்சி தடையாணை வாங்கியது: வெட்டவிருக்கும் மரத்தைச் சுற்றிப் போடும் தடுப்புக்குள் யாரும் நுழையக்கூடாது. நுழைந்தால் நீதிமன்ற அவமதிப்பு. தடுப்பு பொதுச்சாலையில் மட்டுமே போட முடியும் என்பதால், போராட்டக்காரர்கள் வீட்டுச் சுற்றுச்சுவர்களோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு கிளைகளின் கீழ் நின்றார்கள். ஆள் கீழே நின்றால் கிளையை இறக்க முடியாது. அன்றைய வேலை போச்சு. பல்லி என்பதே அவர்களுக்குப் பேராகிவிட்டது. 2018 தொடக்கத்தில் மீர்ஸ்புரூக் பார்க் சாலையில் ஒரு மரத்துக்கு முப்பது போலீஸ்வரை வந்து நிற்க வேண்டிய நிலை. மார்ச் கடைசியில் வெட்டு நிறுத்தப்பட்டது.

அதே மார்ச்சில்தான், தகவல் ஆணையரின் தலையீட்டுக்குப் பிறகு, ஒப்பந்தத்தின் மறைத்துவைத்த வரி வெளியே வந்தது: ஆண்டுக்கு 200-க்குக் குறையாமல், ஒப்பந்தம் முடிவதற்குள் 17,500 தெருமரங்கள் மாற்றப்பட வேண்டும். மொத்த மரங்களில் கிட்டத்தட்டப் பாதி. கணக்கெடுப்பு சொன்ன 1,000 எங்கே, இது எங்கே! அது இலக்கு அல்ல, தேவைப்பட்டால் என்று வைத்த ஏற்பாடு என்று மாநகராட்சி விளக்கம் தந்தது. இப்படி ஓர் எண் காகிதத்தில் இருக்கும்போது வீடுவீடாகக் கடிதம் போட்டுக் கருத்துக் கேட்டதற்கு என்ன மதிப்பு என்பதை அந்த விளக்கம் தொடவில்லை.

மாற்றுவது என்றால் வெட்டிய இடத்தில் ஒன்றுக்கு ஒன்று நடுவது. எண்ணிக்கையில் இழப்பே இல்லை என்று தோன்றும். பிரிட்டனில் தெருமரத்துக்குப் பண மதிப்புப் போட ‘கேவட்’ என்ற முறை இருக்கிறது. அதன் அடிப்படை அடிமரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு. 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்துக்கும் 4 சென்டிமீட்டர் கன்றுக்கும் பரப்பில் உள்ள வித்தியாசம் 225 மடங்கு. ஒப்பந்தக் கணக்கில் இரண்டுமே ‘ஒரு மரம்’. செல்சி சாலையில் நின்ற ஹண்டிங்டன் எல்ம் இதற்கு நல்ல உதாரணம். ஐரோப்பாவின் எல்ம் மரங்களைக் கொன்ற நோய்க்குத் தப்பிய அபூர்வ மரம், புழுப் பருவத்தில் எல்ம் மரத்தை மட்டுமே தின்று வளரும் ஒரு வகை வண்ணத்துப்பூச்சிக்கு வீடு. 2016-இல் இங்கிலாந்தின் சிறந்த மரத்துக்கான போட்டியில் இரண்டாம் இடம். அதுவும் வெட்டுப்பட்டியலில் இருந்தது. பூச்சிகளை வேறிடம் மாற்றலாம் என்று திட்டம்கூடப் பேசினார்கள். மரம் பிழைத்துக்கொண்டது.

வெட்டு நின்றபின் 2019-இல் இரு தரப்பும் சேர்ந்து மீதிப் பட்டியலை மரம் மரமாகப் போய்ப் பார்த்தன. வெட்டியே தீர வேண்டும் என்றிருந்தவற்றில் பல, கொஞ்சம் தார், கொஞ்சம் கல்வேலையோடு இன்றும் நிற்கின்றன.

ஐ.நா.வின் மனிதாபிமான உதவிப் பிரிவுக்குத் தலைமை வகித்த மார்க் லோகாக் நடத்திய விசாரணையின் அறிக்கை 2023 மார்ச் 6 அன்று வந்தது. பாதி மரங்களை எடுக்கும் திட்டத்தை ஏற்றதே மூலத்தவறு என்றும், மாநகராட்சி பொதுமக்களையும் தன் சொந்த மரக்குழுவையும் நீதிமன்றத்தையும் தவறாக வழிநடத்தியது என்றும் அது சொன்னது. மாநகராட்சித் தலைவர் பதவி விலகினார். நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. அறிக்கையின் மை காய்வதற்குள், மார்ச் 14 இரவு, தெற்கே பிளிமத் நகரின் ஆர்மடா வே வீதியில் அந்த ஊர் மாநகராட்சி இயந்திரங்களை இறக்கி 110 மரங்களைச் சாய்த்தது. நள்ளிரவு தாண்டி நீதிமன்றத் தடை வந்து மிச்சத்தைக் காத்தது. அங்கேயும் தலைவர் பதவி இழந்தார்.

இப்போது சட்டம் மாறியிருக்கிறது. 2021-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டம் நெடுஞ்சாலைச் சட்டத்தில் 96ஏ பிரிவைச் சேர்த்தது. 2023 நவம்பர் 30 முதல் இங்கிலாந்தில் நகரச் சாலை மரத்தை வெட்டுமுன் உள்ளாட்சி மக்களைக் கேட்க வேண்டும். ஓட்டைகளும் உண்டு. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் 8 சென்டிமீட்டர் விட்டத்தைத் தாண்டாத மரத்துக்குக் கேட்க வேண்டாம். ஆபத்தான மரத்துக்கும், தாவர நோய்க்காக வெட்ட உத்தரவான மரத்துக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கான கடமைக்காக எடுக்க வேண்டிய மரத்துக்கும் விலக்கு. ஆறு டி-களில் முதலும் கடைசியும் விலக்காக உயிரோடு இருக்கின்றன, கவனிக்க. கேட்பது என்பது ஒப்புக்கொள்வதும் அல்ல.

ஆகவே அறிவிப்பு ஒட்டப்பட்ட மரத்தடியில் நிற்கும் குடியிருப்பாளர் முதலில் கேட்க வேண்டியது கருத்துப் படிவத்தை அல்ல. எந்தக் காரணத்தின்கீழ் வெட்டுகிறார்கள், வேரைத் திறந்து பார்த்தார்களா, பார்த்தால் படமும் வேரின் பருமனும் எங்கே, நிராகரித்த மாற்று வழிகள் எவை, ஒவ்வொன்றுக்கும் செலவு என்ன, அந்தச் செலவு யாருடையது. பராமரிப்பு வெளியாரிடம் இருந்தால் ஒப்பந்தத்தின் மரப் பகுதியையும் கேட்க வேண்டும். மனுவைப் பிரிட்டனின் சாதாரணத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் போடாமல் 2004-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தகவல் விதிகளின்கீழ் போடுவது நல்லது; 20 வேலைநாளுக்குள் பதில் தர வேண்டும், ‘வணிக ரகசியம்’ என்று மறைக்க முயன்றாலும் வெளியிடுவதே பொதுநலம் என்ற அனுமானத்திலிருந்துதான் அங்கே விசாரணை தொடங்கும். மறுத்தால் தகவல் ஆணையரிடம் போகலாம். ஷெஃபீல்டில் 17,500 என்ற எண்ணை மக்கள் முதன்முதலில் பார்த்தபோது ஒப்பந்தத்துக்கு ஐந்தரை வயது முடிந்திருந்தது. முடிய இன்னும் பத்தொன்பது ஆண்டு பாக்கி இருந்தது.